விழுந்தால் விழட்டும், பிடிக்காதீங்க: இடுப்புத் துப்பாக்கி வைத்திருப்போருக்கு

பந்தியில் இருந்து எழுந்தபோது நழுவியதாம். பள்ளத்தூரில் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம், இரண்டாங்கட்டில் மூணாவது பந்தி. வேட்டி மடியில் செருகியிருந்த .32 பிஸ்டல் சரிந்து ஆத்தங்குடிக் கல்லு மேல 'டங்'குனு விழுந்திருக்கிறது. பக்கத்து இலையில் இருந்த அயித்தான் அதைப் பிடிக்கப் பாய்ந்திருக்கிறார். கையெல்லாம் பாயசம், வழுக்கிவிட்டது. அந்தப் பாயசம்தான் அன்றைக்கு ஓர் உயிரைக் காப்பாற்றியது என்பது என் கட்சி. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

மறுநாள் காலையில் பிஸ்டலுக்குச் சொந்தக்காரர் அதைத் துண்டில் சுற்றிக்கொண்டு கோட்டையூருக்கு என் வீட்டுக்கு வந்துவிட்டார். காரைக்குடியில் நகைக்கடை வைத்திருப்பவர், பழக்கமானவர். "ஹவில்தாரே, இது விழுந்தா வெடிக்குமா வெடிக்காதா? ஒரே வார்த்தையில சொல்லுங்க."

ஒரே வார்த்தையில் சொல்ல முடிந்தால் நான் 24 வருஷம் பட்டாளத்தில் ஆர்மரர் வேலை, அதாவது துப்பாக்கி பழுதுபார்க்கும் வேலை, பார்த்திருக்க வேண்டாம். அதற்குப் பிறகு மதுரையில் லைசென்ஸ் உள்ள துப்பாக்கிக் கடையில் ஆறு வருஷம் பழுதுபார்க்கும் பெஞ்சில் உட்கார்ந்தேன். இப்போது, லைசென்ஸ்காரர் எதிரே உட்கார்ந்திருந்தால் மட்டும் ஒரு பார்வை பார்த்துச் சொல்வேன். அவருக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில், விழுந்தால் ஏன் வெடிக்கணும்? கழன்ற சுத்தியலுக்குப் பிடி இறுக்குவதைப் பார்த்திருப்பீர்கள். பிடியின் அடியைத் தரையில் ஓங்கிக் குத்துவார்கள். பிடி தரையில் நின்றுவிடும், இரும்புத் தலை நிற்காமல் இறங்கி இறுகும். துப்பாக்கி விழும்போதும் இதே கதைதான். வெளிக்கூடு தரையில் மோதி நிற்கிறது. உள்ளே இருக்கிற ஃபயரிங் பின் (ரவுண்டை, அதாவது தோட்டாவை, தட்டி வெடிக்கவைக்கும் ஊசி), ஹேமர் (அந்த ஊசியை அடிக்கும் சுத்தி), ட்ரிகர் (விசை) எல்லாம் அதே திசையில் போகப் பார்க்கின்றன. வாய்ப்பக்கம் குத்தி விழுந்தால் ஃபயரிங் பின் முன்னால் ஓடி ரவுண்டின் அடியைத் தட்டலாம். பின்பக்கம் குத்தி விழுந்தால் ட்ரிகர் தானாகப் பின்னால் இழுபடலாம். எந்தப் பக்கம் விழுந்தது என்று நான் முதலில் கேட்பது இதனால்தான்.

இந்தப் பின்னை நிறுத்தத்தான் ஃபயரிங் பின் பிளாக் வந்தது. ஸ்லைடுக்குள் (பிஸ்டலின் மேலே முன்னும் பின்னும் ஓடும் இரும்புக்கூடு) ஸ்பிரிங் வைத்த ஒரு சின்னக் குமிழ், பின்னின் வழியில் தாழ்ப்பாள் மாதிரி நிற்கும். ட்ரிகரை முழுசாக இழுத்தால்தான் அது விலகும். கோல்ட் 1911 பிஸ்டலில் பழைய வகைக்கு இது கிடையாது. 1983 வாக்கில் வந்த 'சீரீஸ் 80' வகையில்தான் சேர்த்தார்கள். 1982ல் வந்த க்ளாக் 17 பிஸ்டலில் ட்ரிகருக்குள்ளேயே ஒரு நாக்கு உண்டு. விரல் அதை அழுத்தாமல் ட்ரிகர் அசையாது, உள்ளே பின்னுக்கும் தனித் தடை. இப்படிப்பட்டவற்றை மனதில் வைத்துத்தான் "புதுசு விழுந்தா வெடிக்காது" என்கிறார்கள். பெரும்பாலும் சரிதான். ஆனால் அதில் மூன்று சொல் விட்டுப்போயிருக்கிறது: பழுதில்லாத, கைவைக்காத, இடுப்பு உயரத்தில் இருந்து.

உயரம் சாதாரண விஷயமில்லை. அமெரிக்கத் துப்பாக்கி உற்பத்தியாளர் அமைப்பின் தரத்தில் (SAAMI, எழுத்தைக் கூட்டி வாசித்தால் 'சாமி' என்று வரும், சிரிக்காதீர்கள்) 4 அடியில் இருந்து, கான்கிரீட் மேல் விரித்த ஓரங்குல ரப்பர் பாயில் போடுகிறார்கள். கலிபோர்னியா மாநிலச் சோதனையில் 1 மீட்டரும் 1 சென்டிமீட்டரும், நேராகக் கான்கிரீட்டில், ஆறு விதமாகத் திருப்பித் திருப்பி. நம் வீட்டுப் பீரோவின் மேல்தட்டு ஆறடி. 4 அடியில் விழுவதைவிட ஒன்றரை மடங்கு ஆற்றலோடு தரையில் அடிக்கும். பிள்ளைகளுக்கு எட்டாது என்று மேல்தட்டில் வைப்பவர்கள் எந்தச் சோதனைக்கும் வெளியே போய்விடுகிறார்கள். பூட்டுள்ள கீழ்த்தட்டில் வையுங்கள், ரவுண்டை வேறு பூட்டில்.

கோணமும் அப்படித்தான். அமெரிக்க ராணுவம் 2017 ஜனவரியில் சிக் சாவர் பி320 குடும்பத்துப் பிஸ்டலைத் தேர்ந்தெடுத்தது. அதே ஆண்டு கோடையில், கடையில் விற்கும் பி320, ஸ்லைடின் பின்பக்கம் சாய்வாக ஏறக்குறைய 30 டிகிரியில் தரையில் மோதினால் வெடிக்கிறது என்று தெரியவந்தது. வழக்கமான தரச் சோதனைகளில் தேறியதுதான் அது. அந்தக் கோணம் சோதனையில் இல்லை, அவ்வளவுதான். ட்ரிகர் கொஞ்சம் கனம், சுத்தியல் தலை மாதிரியே அது தன் கனத்தில் பின்னால் போய்விட்டது. ஆகஸ்டில் கம்பெனி இலவசமாக மாற்றித்தர முன்வந்தது. மாற்றத்தில் முக்கியமானது ட்ரிகரை இலேசாக்கியது. அது பெரும்பாலும் 9 எம்.எம். குழல் அளவில் வருவது. நம்மூர்ச் சாதாரண லைசென்ஸில் 9 எம்.எம். கிடையாது, அதனால் அது உங்கள் இடுப்பில் இருக்கப்போவதில்லை. 'புதுசு' என்ற சொல்லை மட்டும் நம்பிக்கொண்டிருக்கக் கூடாது என்பதற்காகச் சொன்னேன்.

நம்மூர் இடுப்பில் இருப்பது .32 பிஸ்டலும் .32 ரிவால்வரும்தான். கூடவே ரங்கூனில் இருந்து ஐயா கொண்டுவந்தார் என்று பெட்டகத்தில் கிடக்கும் பழைய வெப்ளி கம்பெனி ரிவால்வர்கள். ஒவ்வொன்றையும் தனியாகப் பார்க்கணும். எப்படிப் பார்ப்பது?

ரிவால்வர் சுலபம். சிலிண்டரைத் திறந்து ரவுண்டு எல்லாவற்றையும் எடுத்து வேறு அறையில் வையுங்கள். காலி என்று கண்ணாலும் விரலாலும் பார்த்து மூடுங்கள். ட்ரிகரைத் தொடாமல், ஹேமரைக் கட்டைவிரலால் முன்பக்கம் அழுத்துங்கள். பக்கவாட்டில் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் பின்னின் முனை துவாரத்தில் எட்டிப் பார்க்கிறதா என்று தெரியும். எட்டிப் பார்க்கக் கூடாது. பார்த்தால் அந்த ரிவால்வரில் தடை இல்லை அல்லது தேய்ந்துவிட்டது. ஹேமருக்கு நேரே உள்ள அறை காலியாகத்தான் இருக்கணும். ஆறு அறையில் ஐந்து ரவுண்டு. அமெரிக்கக் குதிரைக்காரர்கள் பழைய கோல்ட் ரிவால்வரில் கடைப்பிடித்த வழக்கம் இது. ரூகர் கம்பெனி 1973ல் தடையோடு புது மாடல் கொண்டுவந்த பிறகுதான் அந்த வகை ரிவால்வரில் ஆறையும் போடும் தைரியம் பலருக்கு வந்தது. 2024 அக்டோபர் 1 அன்று இந்தி நடிகர் கோவிந்தா காலில் குண்டு பாய்ந்தது செய்தியில் வந்ததே, அதுவும் ரிவால்வர்தான். பீரோவில் வைக்கும்போது கை நழுவியதாக அவருடைய மேலாளர் சொன்னார்.

பிஸ்டலுக்குக் கொஞ்சம் கழற்றணும். மேகசினை (பிடிக்குள் செருகும் ரவுண்டுப் பெட்டி) எடுத்து, சேம்பர் (குழாயின் பின்முனையில் ரவுண்டு உட்காரும் அறை) காலி என்று பார்த்து, ஸ்லைடைத் தனியாக எடுங்கள். பின்னின் பின்முனையைச் சின்ன மரக்குச்சியால் அழுத்துங்கள். பிளாக் இருந்தால் கொஞ்சம் போய் முட்டி நிற்கும், முன்னால் முனை வெளியே வராது. அடியில் உள்ள குமிழை அமுக்கிக்கொண்டு அழுத்தினால் வரும். இரண்டும் நடந்தால் பிளாக் வேலை செய்கிறது. குமிழே இல்லையென்றால் அது பழைய டிசைன். அதைச் சேம்பரில் ரவுண்டு போட்டு இடுப்பில் வைக்காதீர்கள். கழற்றத் தெரியாதவர்கள் யூடியூப் பார்த்து முயலவேண்டாம், லைசென்ஸ் உள்ள கடைக்குப் போங்கள்.

என் தனிக் கருத்து: நம்மூரில் எந்த நகைக்கடைக்காரருக்கும் சேம்பரில் ரவுண்டு தேவையில்லை. மேகசினில் இருந்தால் போதும். சேம்பர் காலியாக இருந்தால் எந்தக் கோணத்தில் விழுந்தாலும் வெறும் இரும்பு விழுந்த மாதிரிதான்.

வேட்டி மடியைப் பற்றியும் சொல்லணும். மடி என்பது வெற்றிலைக்கும் சில்லறைக்கும். துப்பாக்கிக்கு ட்ரிகரை முழுசாக மூடுகிற கெட்டியான உறை வேண்டும், அதைத் தாங்கக் கனமான பெல்ட் வேண்டும். சம்மணம் போட்டு உட்கார்ந்து எழும்போதும், இந்தியன் கக்கூஸிலும்தான் நழுவும். வீட்டில் காலியாக மாட்டிக்கொண்டு பத்துத் தடவை உட்கார்ந்து எழுந்து பாருங்கள். தவிர, திருவிழா, சாமி ஊர்வலம், பொதுக்கூட்டத்துக்குக் கொண்டுபோகக் கூடாது என்று லைசென்ஸ் நிபந்தனையிலேயே இருக்கிறது. கல்யாணப் பந்திக்கு எதற்கு?

வங்கி வாசலில் காவல் இருக்கும் நம்ம எக்ஸ் சர்வீஸ் தம்பிகளுக்கு ஒரு வார்த்தை. டபுள் பேரலில் (இரட்டைக்குழல் துப்பாக்கி) சேஃப்டி போட்டிருக்கிறது என்று பிளாஸ்டிக் நாற்காலியில் சாய்த்துவைக்காதீர்கள். பெரும்பாலான டபுள் பேரலில் சேஃப்டி ட்ரிகரைத்தான் பூட்டும், உள்ளே இருக்கும் ஹேமரை அல்ல. அடி பலமாக விழுந்தால் ஹேமர் தன் கொக்கியில் இருந்து கழன்றுவிடலாம். கையை விட்டு வைக்கும்போதெல்லாம் மடக்கித் திறந்து வையுங்கள்.

இப்போது பாயசத்துக்கு வருகிறேன். விழுகிற பொருளைப் பிடிக்கக் கை தானாக நீளும், சொம்பானாலும் பிள்ளையானாலும். அந்தரத்தில் துப்பாக்கியைத் துழாவுகிற விரல் போய் நுழையத் தோதான ஒரே ஓட்டை ட்ரிகர் வளையம்தான். நான் மேலே சொன்ன எல்லாத் தடைகளும் ட்ரிகரை இழுத்தால் விலகுவதற்காகவே செய்யப்பட்டவை. தரையில் விழுவதைத் தாங்கும் பிஸ்டல், அயித்தான் விரலைத் தாங்காது. பெஞ்சில் உட்கார்ந்த வருஷங்களில் விழுந்து வெடித்த கதையைவிட, பிடிக்கப் போய் வெடித்த கதையைத்தான் அதிகம் கேட்டேன். ஆகவே கை இரண்டையும் பின்னால் இழுங்கள், விலகுங்கள், உருண்டு நிற்கட்டும்.

நின்ற பிறகு, வாய் யாரையும் பார்க்காத பக்கமாக நின்று, பிடியை மட்டும் பிடித்து, விரலை வளையத்துக்கு வெளியே நீட்டி எடுங்கள். முதலில் மேகசின், பிறகு ஸ்லைடை இழுத்துச் சேம்பர். மாற்றிச் செய்தால் மேகசினில் இருந்து அடுத்த ரவுண்டு உள்ளே ஏறிவிடும். 'காலி'ன்னு நினைத்து ட்ரிகர் இழுப்பவர்கள் இங்கேதான் தப்பு செய்கிறார்கள். உடனே திரும்ப உறையில் போடாதீர்கள். குழாயில் மண் அடைத்திருக்கிறதா, மேகசினின் உதடு வளைந்திருக்கிறதா, ஹேமர் நிற்கிறதா என்று ஆர்மரர் பார்க்கும்வரை அது துப்பாக்கி இல்லை, பழுது.

அக்கம்பக்கத்தில் யாருக்கும் ஆபத்து வரும்படி அலட்சியமாகத் துப்பாக்கியைப் பயன்படுத்தினால், ஆயுதச் சட்டத்தின் 2019 திருத்தத்தின்படி இரண்டு ஆண்டுவரை சிறை அல்லது ஒரு லட்சம்வரை அபராதம், அல்லது இரண்டும். நகைக்கடைக்காரர் இதைக் கேட்டதும்தான் துண்டால் நெற்றியைத் துடைத்தார்.

அவருடைய பிஸ்டலைப் பிரித்தேன். பின்பக்கம் குத்தி விழுந்திருக்கிறது, குறிபார்க்கும் பின்பக்க சைட்டில் ஒரு மூலை உடைந்திருந்தது. பிளாக் இல்லை, பழைய டிசைன். சேம்பரில் ரவுண்டு இருந்தது. அதை வெளியே எடுத்து அடியைப் பூதக்கண்ணாடியில் பார்த்தேன். நடுவில் ஊசி தொட்ட அளவுக்கு ஒரு புள்ளி. நேற்று விழுந்ததால் வந்ததா, முன்பே இருந்ததா, அந்தப் புள்ளி சொல்லாது.

"அயித்தானுக்கு இதைக் காட்டலாமா?" என்றார்.

ரவுண்டைத் தாளில் மடித்து, வாங்கிய கடையிலேயே கணக்கோடு ஒப்படைக்கச் சொன்னேன். அயித்தானுக்குப் பாயசம் மட்டும் அனுப்பச் சொன்னேன்.