கியூபெக் குடும்பத்தின்ட பரம்பரையை திருகோணமலையில இருந்துகொண்டே தேடுறது எப்பிடி

என்ட பெறாமகள் மொன்றியலில ஒரு பிரெஞ்சுக் கனடியப் பெடியனைக் கட்டினவள். பிள்ளை பிறந்த கையோட, சித்தி எங்கட பக்கத்து ஆக்களை அம்மம்மா சொல்லுவா, இவற்ற பக்கத்தை நீங்க தேடித் தாங்கோ எண்டு கேட்டாள். உப்புவெளியில இருந்துகொண்டே தேடி ஒரு கிளையில 1671 வரைக்கும் போயிட்டன், அதால தூரத்தில இருக்கிறம் எண்டு யோசிக்காம தொடங்குங்கோ.

முதல்ல உயிரோட இருக்கிற ஆக்களிட்ட கேட்டு, தாத்தா பாட்டி எந்த ஊர்க் கோயில்ல எந்த வருசம் கலியாணம் கட்டினவை எண்டு எடுங்கோ. பிறப்பு இறப்பைவிட கலியாணந்தான் முக்கியம். ஏனெண்டா கத்தோலிக்கக் கலியாணப் பதிவில மாப்பிளை பொம்பிளை ரெண்டு பேற்ற தாய் தகப்பன் பேரும் வழமையா இருக்கும், அதுவும் தாயின்ட பேர் அவ பிறந்த குடும்பப் பேரோடயே இருக்கும் (எங்கட பக்கத்தில அம்மம்மாவின்ட அம்மா பேரைக் கேட்டா எத்தினை பேருக்குத் தெரியும்?). ஒரு கலியாணத்தைக் கண்டுபிடிச்சா அடுத்துத் தேட ரெண்டு கலியாணம் கையில கிடைக்கும், அப்பிடியே மேல ஏறுறதுதான் முழு வேலையும்.

1993 முடியும்வரை அங்க கோயில் புத்தகந்தான் அரசாங்கப் பதிவாவும் இருந்தது. சுவாமியார் ரெண்டு பிரதி எழுதி ஒண்டைக் கோயில்ல வச்சு மற்றதைக் கோட்டுக்கு அனுப்புவார், அதால ஒண்டு எரிஞ்சாலும் மற்றது மிஞ்சும். ஃபமிலிசேர்ச் எண்ட பரம்பரை தேடுற இணையத்தளத்தில 1621 தொட்டு இந்தப் புத்தகங்களின்ட படம் இலவசமா இருக்கு. 1849க்கு முந்தினதுக்கு மொன்றியல் பல்கலைக்கழகம் 1966இல தொடங்கின பீஆர்டீஎச் (PRDH) எண்ட பழைய பதிவுத் திரட்டுத் திட்டத்தைப் பாருங்கோ. குடும்பம் குடும்பமாவே சேர்த்து வச்சிருக்கினம், முழு விபரத்துக்குக் காசு கட்டவேணும், ஆனா அந்தக் காசு வீண் இல்லை. மற்ற ஆக்கள் போட்ட குடும்ப மரத்தை அப்பிடியே கொப்பி பண்ணாதேங்கோ, மூலப் படத்தைப் பார்த்தபிறகே எழுதுங்கோ.

இனி ஆக்கள் வழி தவறுற இடம், "டீ" பேர். பழைய பதிவில ஊடோன் டீ பொலியூ எண்டு இருக்கும், அதாவது ஊடோன், பொலியூ எண்டும் சொல்லுவினம். எங்கட ஊர்ல குடும்பத்துக்குப் பட்டப்பேர் இருக்கிற மாதிரித்தான், ஆனா அங்க ஒரு அண்ணன்ட பிள்ளைகள் ஊடோன் எண்டும் தம்பியின்ட பிள்ளைகள் பொலியூ எண்டும் பிரிஞ்சு போகலாம். ஒரு பேர் திடீரெண்டு காணாமப் போனா மற்றப் பேரில தேடுங்கோ. அமெரிக்காவுக்குப் போன கிளை எண்டா இன்னும் கவனம், 1840க்கும் 1930க்கும் இடையில ஒன்பது லட்சம் பேர் அளவில அங்க போனவை, லெப்ளோன் அங்க வைட் ஆகிடும், புவாவேர் கிரீன்வூட் ஆகிடும்.

பெட்டையளுக்கு எல்லாம் மறி, பெடியளுக்கு எல்லாம் ஜோசப் எண்டு முன்னுக்கு வச்சிருப்பினம், கூப்பிடுற பேர் அநேகமா கடைசியில வாறது. திகதியில 7க்குப் பின்னால பிஆர்இ எண்ட எழுத்து வந்தா அது யூலை இல்லை, செப்டம்பர், நான் இதில ரெண்டு கிழமை மினக்கெட்டனான். தகப்பன் பேருக்கு முன்னால எஃப்-ஈ-யூ எண்டு மூண்டெழுத்து நிண்டா அவர் அதுக்கு முதலே காலமாகிட்டார், அவற்ற அடக்கப் பதிவை அந்தத் திகதிக்கு முன்னாலதான் தேடவேணும்.

மேல போகப் போக ஒரே ஆக்கள் ரெண்டு மூண்டு கிளையில வருவினம், அது பிழை இல்லை, ஆரம்பத்தில வந்த சனம் கொஞ்சம். 1663க்கும் 1673க்கும் இடையில பதினாலாம் லூயி ராசா அனுப்பின எண்ணூறு பெண்கள் அளவில வந்தவை, ராசாவின்ட மகள்மார் எண்டு சொல்லுவினம். எங்கட பிள்ளையின்ட பரம்பரையில ஒரு பூட்டி அதில ஒருத்தி, 1671இல கியூபெக்கில கலியாணம் கட்டினவ. அடுத்த வருசம் அதே ராசாவின்ட கப்பல்கள் டி லா ஹே எண்ட தளபதியின்ட தலைமையில எங்கட கொட்டியாரக் குடாவில வந்து நிண்டது எண்டு பெறாமகளுக்குச் சொன்னன், அவள் அழுதிட்டாள்.

அந்த முதல் ஆக்களின்ட கலியாணப் பதிவில பிரான்ஸில எந்தக் கோயில், எந்த மறைமாவட்டம் எண்டு கனதரம் எழுதியிருக்கும். அதை எழுத்துக்கு எழுத்து குறிச்சு வையுங்கோ, அந்தப் பகுதி ஆவணக் காப்பகத்தின்ட இணையத்தளத்தில அடுத்த தேடல் அதில இருந்துதான்.