மதுரை வெயிலில் நுண்பாசிக் குளம்: கழிவுநீரைத் தோட்டத்துக்குத் திருப்பும் வழிமுறை

மதுரை வெயிலில் பாசி வளர்ப்பது பெரிய காரியமன்று. தேங்கிய நீர் எதுவானாலும் சில நாள்களில் பச்சை பிடித்துவிடும். வளர்ந்த பாசியை நீரிலிருந்து பிரிப்பதுதான் உண்மையான வேலை என்பதால், குளத்துக்கு இடம் பார்க்கும்போதே படியவைக்கும் தொட்டிக்கும் இடத்தையும் பணத்தையும் ஒதுக்கிவிட வேண்டும்.

கழிவிலுள்ள கரிமப் பொருளை பாக்டீரியாக்கள் சிதைக்கும்போது வெளிப்படும் கரியமில வாயு, அம்மோனியா, பாஸ்பேட் ஆகியவற்றைப் பாசி உணவாக எடுத்துக்கொண்டு, பாக்டீரியாக்களுக்குத் தேவையான ஆக்சிஜனைத் திருப்பித் தருகிறது. காற்றூதும் இயந்திரத்துக்கு ஆகும் மின்செலவு இதனால் மிச்சமாகிறது. 1950-களில் கலிஃபோர்னியாவில் வில்லியம் ஆஸ்வால்ட் என்ற ஆய்வாளர் உருவாக்கிய ஆழமற்ற ஓட்டக் குளமே இந்த முறைக்கு இன்றும் அடிப்படை.

நாளொன்றுக்கு 1,000 லிட்டர் கழிவுநீர் வரும் ஒரு சிறிய விடுதியை எடுத்துக்கொள்வோம். நீர் குளத்தில் 6 நாள் தங்க வேண்டுமென்றால் 6,000 லிட்டர் கொள்ளளவு தேவை. ஆழம் 30 சென்டிமீட்டர் என்றால் 20 சதுர மீட்டர், அதாவது ஏறக்குறைய அரை சென்ட் நிலம் போதும். இதைவிட ஆழமாக வெட்டினால் அடிநீருக்கு வெளிச்சம் எட்டாது. நீள்வட்டமாக அமைத்து, நடுவில் ஒரு தடுப்புச்சுவர் எழுப்பி, ஒரு பக்கத்தில் நீரைத் தள்ளி ஓடவைக்கும் துடுப்புச் சக்கரம் பொருத்த வேண்டும். ஒரு வேப்பிலையை நீரில் போட்டுப் பார்த்தால் அது ஒரு மீட்டரை 4 முதல் 6 விநாடிக்குள் கடக்க வேண்டும். ஓட்டமில்லாத மூலைகளில்தான் கொசு முட்டையிடும் என்பதால் மூலைகளை வளைவாகப் பூசுவது நல்லது.

செப்டிக் டேங்கில் மண்டி படிந்த பின் மேலே நிற்கும் நீரை மட்டுமே குளத்துக்கு விட வேண்டும். விதைப்பாசியைக் கடையில் தேட வேண்டியதில்லை. பக்கத்துக் கண்மாயின் பச்சை நீரில் குளோரெல்லா, செனடெஸ்மஸ் போன்ற நுண்பாசி வகைகள் பெரும்பாலும் இருக்கும், நம் வெயிலுக்குப் பழகியும் இருக்கும். தொடக்கத்தில் ஒரு பங்கு கழிவுநீருக்கு மூன்று பங்கு நல்ல நீர் கலந்து, பச்சை அடர்ந்த பிறகு படிப்படியாகக் கழிவின் பங்கைக் கூட்டலாம். கழிப்பறைக்கு ஊற்றும் ஆசிட், பினாயில், பிளீச்சிங் பவுடர் ஆகியவை குளத்துக்கு வரக்கூடாது. சுங்குடிச் சாயப்பட்டறைக் கழிவுக்கு இந்த முறை பொருந்தாது. சாயம் வெளிச்சத்தை மறைக்கும், உப்பு நீரிலேயே தங்கிவிடும்.

குளத்தின் நிலையை நிறமே சொல்லிவிடும். கறுத்து நாறினால் கழிவு மிகுந்துவிட்டது என்று கொண்டு வரத்தைக் குறைக்க வேண்டும். பச்சை திடீரெனத் தெளிந்தால் மகிழ்ச்சியடைய வேண்டாம். நீர்ப்பூச்சிகள் பாசியை மேய்ந்திருக்கும். ஒரு கண்ணாடி டம்ளரில் நீரை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தால் அவை துள்ளுவது தெரியும். அப்போது கொஞ்சம் நீரை இறக்கிவிட்டுப் புதிய விதைநீர் சேர்க்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் வானம் மூடியிருக்கும்போது நீர் 8 நாள் வரை தங்குமாறு வரத்தைக் குறைப்பது அவசியம்.

இனி அறுவடை. வெயில் ஏற ஏறப் பாசி கரியமில வாயுவை உறிஞ்சுவதால், பிற்பகல் 3 மணிக்கு நீரின் அமில-காரத் தன்மையைக் காட்டும் பி.எச். அளவு 9-ஐத் தாண்டலாம், அதாவது நீர் காரமாகிவிடும். சுற்றுவட்டாரத்துப் போர்வெல் நீரில் பெரும்பாலும் மிகுந்திருக்கும் கால்சியம் அந்த நேரத்தில் பாஸ்பேட்டுடன் சேர்ந்து படியும்போது பாசியையும் இழுத்துக்கொண்டு இறங்கும். சமையலறையில் நாம் சலித்துக்கொள்ளும் கடின நீர் உதவியாக இருப்பது இங்கு மட்டும்தான். எனவே காலையில் கழிவுநீரை உள்ளே விட வேண்டும். பிற்பகலில் குளத்து நீரை அடி சரிந்த தொட்டிக்கு எடுத்து, மூடி, மறுநாள் காலை வரை அசைக்காமல் வைக்க வேண்டும். வெளிச்சம் பட்டால் பாசி குமிழி விட்டு மேலே மிதக்கும். ஒரு நாளுக்கு மேல் விட்டால் அழுகி, பிடித்த சத்தை மீண்டும் நீரிலேயே விட்டுவிடும். அடியில் படிந்ததில் ஒரு சிறு பங்கைக் குளத்துக்கே திருப்பினால், எளிதில் படியும் வகைகள் நாளடைவில் பெருகும்.

மழைக்காலத்தில் தானாகப் படியாவிட்டால் படிகாரம் உதவும். 10 கிராமை ஒரு லிட்டர் நீரில் கரைத்தால், அதன் 10 மில்லியில் 100 மில்லிகிராம் இருக்கும். ஒரு லிட்டர் குளத்து நீர் பிடித்த சில பாட்டில்களில் வெவ்வேறு அளவு ஊற்றி, எதில் குறைந்த அளவிலேயே தெளிகிறது என்று பார்த்து அதையே கொள்ளலாம். முருங்கை விதைப்பருப்புப் பொடியையும் இவ்வாறே சோதிக்கலாம்.

தெளிந்த நீரை மணல் வடிகட்டியில் செலுத்திய பின்பே சொட்டுநீர்க் குழாய்க்கு விட வேண்டும். இல்லையெனில் துளைகள் அடைபடும். பச்சையாக உண்ணும் காய்கறிக்கு விடுவதானால், 100 மில்லியில் மலக்கோலிபார்ம் (மலம் கலந்ததைக் காட்டும் பாக்டீரியா) 1,000-க்கு மேல் இருக்கக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனம் 1989-இல் வகுத்த அளவு. சோதிக்க வசதியில்லாதவர் தென்னைக்கும் மரங்களுக்கும் மட்டும் விடலாம். மல்லிகைக்கு வேரில் மட்டும் பாய்ச்ச வேண்டும், சாமிக்கும் தலைக்கும் போகும் பூவில் இந்த நீர் படக்கூடாது. காய்ந்த பாசி, சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு 10 கிராம் கிடைத்தாலும், 20 சதுர மீட்டரில் 200 கிராம் தேறும். அதை மக்கவைத்து எருவாக்கலாம், மாட்டுக்கோ கோழிக்கோ போடக்கூடாது. பாசி உப்பை நீக்காது. கோடை ஆவியாதலில் அது மேலும் செறிவாகும் என்பதால், ஆண்டுக்கொரு முறை மண்ணின் உப்புநிலையைச் சோதித்து, மழைநீரால் நிலத்தை நன்றாகக் கழுவிவிட வேண்டும்.