பெட்டிட் சிரா வாங்குவோருக்கு

கலிஃபோர்னியாவில் பெட்டிட் சிரா என்றும் ஆஸ்திரேலியாவில் டூரிஃப் என்றும் விற்கப்படும் ஒயின் பெரும்பாலும் ஒரே கருந்திராட்சையிலிருந்து வருவதுதான் என்பதால், லேபிளில் எந்தப் பெயர் இருந்தாலும் தயங்க வேண்டியதில்லை. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தெற்கு பிரான்சில் பிரான்சுவா டூரிஃப் என்ற தாவரவியலாளர் அடையாளம் கண்ட இவ்வகை, பெலூர்சின் என்ற திராட்சையின் பூவில் சிரா என்ற வேறொரு திராட்சையின் மகரந்தம் சேர்ந்து பிறந்தது என்பதை 1990-களின் மரபணு ஆய்வுகள் உறுதிசெய்தன. பிறந்த நாட்டில் இன்று இதைத் தேடித்தான் பார்க்க வேண்டும். பழம் சிறியது, சாற்றோடு ஒப்பிட்டால் தோல் மிகுதி என்பதால், கோப்பையின் மறுபுறம் தெரியாத அளவுக்கு அடர்ந்த நிறமும் ஈறுகளை இறுக்கிப் பிடிக்கும் துவர்ப்பும் இந்த ஒயினுக்கு வாய்க்கின்றன. இளம் ஒயினாக இருந்தால், அகன்ற குடுவையில் ஊற்றி ஒரு மணி நேரமாவது காற்றாட வைத்து, 16 முதல் 18 டிகிரி செல்சியஸில் பரிமாறுங்கள். அதைவிடச் சூடேறினால் பழச்சுவையை முந்திக்கொண்டு ஆல்கஹாலின் காட்டமே நாவில் நிற்கும்.