ஊசல் பாடத்துக்கு ஃபெட் சிமுலேஷன்: நான் நடத்தும் விதம்

இணையத்தில் அறிவியல் பாட வீடியோக்கள் கொட்டிக் கிடக்கின்றன. ஆனால் மாணவர் கைவைத்து மாற்றிப் பார்க்க முடிந்தால்தான் பாடம் மனதில் தங்கும். அதனால் நான் முதலில் பரிந்துரைப்பது, சோதனைகளைக் கணினித் திரையிலேயே செய்து பார்க்கும் சிமுலேஷன்கள் கொண்ட ஃபெட் (PhET) தளம். நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் கார்ல் வீமன் 2002இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கியது, தளத்தில் சிமுலேஷன்கள் இலவசம். பல சிமுலேஷன்களை இறக்கி வைத்துக்கொண்டால் வகுப்பில் இணையமே தேவையில்லை.

அதிலுள்ள 'ஊசல் ஆய்வகம்' சிமுலேஷனை எடுத்துக்கொள்ளுங்கள். திறந்ததும் விளக்கம் சொல்லிவிடாதீர்கள். "எடையைக் கூட்டினால் அலைவு நேரம், அதாவது ஊசல் ஒருமுறை போய்த் திரும்பும் நேரம், மாறுமா?" என்று கேட்டு, ஒவ்வொருவரும் பதிலை நோட்டில் எழுதிய பிறகுதான் ஊசலை ஆட்டவேண்டும். மாறும் என்றுதான் பலர் எழுதுவார்கள். நிறுத்துகடிகாரத்தில் எண் அப்படியே நிற்பதைப் பார்த்ததும் வகுப்பில் எழும் சலசலப்பு இருக்கிறதே, அதைக் கொஞ்ச நேரம் விட்டுவிடுங்கள்! அவர்களே பேசி முடிக்கட்டும்.

அப்புறம் ஊசலின் நீளம். 1 மீட்டரில் அலைவு நேரம் ஏறத்தாழ 2 விநாடி. 0.25 மீட்டருக்குக் குறைத்தால் 1 விநாடி. நீளம் கால்பங்கு, நேரம் பாதி. நேரக் கணக்கில் நீளத்தின் வர்க்கமூலம் ஏன் வருகிறது என்று அவர்களே கேட்பார்கள்.

வேகமாக முடிப்பவர்களுக்கு, சிமுலேஷனில் ஈர்ப்பு அளவு சொல்லாமல் வைத்திருக்கும் 'கோள் எக்ஸ்' கொடுங்கள். அதன் ஈர்ப்பு முடுக்கத்தை அலைவு நேரத்திலிருந்து கணக்கிடவேண்டும். விடை சுமார் 14 மீ/வி² வரும். உராய்வைச் சுழியமாக வைத்திருக்கிறார்களா, வீச்சுக் கோணம் (ஊசலைப் பக்கவாட்டில் இழுத்துவிடும் கோணம்) சிறியதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். மறுநாள் நூலும் கல்லும் கட்டி நிஜ ஊசலையும் ஆட்டிப் பார்க்கவைப்பது கட்டாயம்.