பீடோங்கில் ஒரு செமஸ்டர்: குளிர்நாட்டிலிருந்து வரும் மாணவருக்கு

விமானச் சீட்டு எடுக்குமுன் கிழமையைப் பாருங்கள். பீடோங் இருக்கும் மலேசியாவின் கெடா மாநிலத்தில் வார விடுமுறை வெள்ளியும் சனியும். ஞாயிறு வேலை நாள். வியாழன் இரவு வந்து இறங்கினால் பேங்கும் அரசு அலுவலகமும் ஞாயிறு காலைதான் திறக்கும். கோலாலம்பூரிலோ சனி, ஞாயிறு விடுமுறை. ஆக, மாணவர் பாஸ் (படிக்கத் தங்கும் அனுமதி) விவகாரத்தில் இரண்டு பக்கமும் ஆள் கிடைப்பது திங்கள் முதல் வியாழன் வரை நான்கே நாள். உங்கள் பல்கலைக்கழக அலுவலகம் எந்தக் கணக்கில் நடக்கிறது என்று முன்கூட்டியே கேட்டு வையுங்கள். சனி இரவு வந்து சேர்வது தோது.

மலேசிய டிஜிட்டல் வருகை அட்டையை, வந்து சேரும் நாளுக்கு முந்தைய 3 நாளுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும். அது இலவசம். பணம் கேட்கும் தளம் குடிநுழைவுத் துறையின் தளமல்ல. மாணவர் பாஸ் எடுப்பவர்கள் வந்த 7 நாளுக்குள் மருத்துவப் பரிசோதனைக்குப் போக வேண்டும். அதற்கென்று அங்கீகரித்த கிளினிக்கில் மட்டும். சிறுநீரில் போதைப்பொருளும் பார்ப்பார்கள். "கனடாவில் கஞ்சா சட்டப்படி கிடைக்கிறதே" என்ற பேச்சு இங்கே எடுபடாது. கோடீன் கலந்த இருமல் மருந்து சாப்பிடுபவர்கள் டாக்டர் சீட்டைக் கையோடு கொண்டுவாருங்கள்.

கோலாலம்பூரில் இறங்கினால் கேஎல் சென்ட்ரல் நிலையத்தில் இடிஎஸ் என்ற மின்சார ரயிலில் ஏறி சுங்கை பட்டாணியில் இறங்கலாம். அங்கிருந்து பீடோங் பத்துக் கிலோமீட்டர் சொச்சம். பள்ளி விடுமுறை, தீபாவளி சமயத்தில் ரயில் சீட்டு சீக்கிரம் தீர்ந்துவிடும். பினாங்கு விமான நிலையம் இன்னும் பக்கம்.

மின்சாரம் 240 வோல்ட். பிளக் பிரிட்டனில் உள்ள அதே மூன்று தட்டைக்கால். போன், லேப்டாப் சார்ஜரில் 100–240 என்று இருந்தால் அடாப்டர் போதும். கனடாவிலிருந்து வரும் முடி உலர்த்தி 120 வோல்ட்டுக்கானது, இங்கே மாட்டினால் கருகிவிடும். பகலில் 32, 33 டிகிரி, இரவில் 23, 24. அந்த எண்ணைவிட ஈரக்காற்றுதான் ஆளை அடிக்கும். தோல் செருப்பையும் பெல்ட்டையும் பீரோவில் பூட்டி வைத்தால் பூஞ்சணம் பூக்கும். ஸ்வெட்டர் ஒன்று போதும், அதுவும் வகுப்பு ஏர்கோனுக்காக.

கடையில் தேநீருக்கு வெறுமனே "தே" என்றால் டின்பால் ஊற்றித் தித்திப்பாக வரும். "தே ஓ" என்றால் பால் இல்லை, சீனி உண்டு. இரண்டும் வேண்டாமென்றால் "தே ஓ கோசோங்". சீனி குறைய, "குராங் மானிஸ்". பார்சலுக்கு "புங்குஸ்". கடைக்காரர் தமிழராக இருந்தால் அண்ணே, அக்கா என்றே கூப்பிடலாம். சைவக்காரர்கள் உஷாராக இருக்க வேண்டிய இடம் கறியில்லை, சம்பல் என்ற மிளகாய்ச் சாந்து. நாசி லெமாக் (தேங்காய்ப்பால் சோறு) சம்பலில் நெத்திலியும் பெலாச்சானும் இருக்கும். பெலாச்சான் என்பது இறால் புளித்த சாந்து. கங்கோங் கீரை வறுவலிலும் அதைத்தான் போடுவார்கள். "கறி இல்லை" என்று பதில் வந்தால் போதாது, பெலாச்சான் இருக்கிறதா என்று பெயர் சொல்லிக் கேளுங்கள்.

கெடாவில் குழாய்த் தண்ணீர் நிற்பது புதிதல்ல. ஒரு வாளி பிடித்து வைப்பது நல்ல பழக்கம்தான், ஆனால் மூடி இல்லாத வாளி டெங்கிக் காய்ச்சல் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்குத் தொட்டில். மூடி வையுங்கள், வாரம் ஒருமுறை கொட்டி உள்பக்கத்தைத் தேய்த்துக் கழுவுங்கள். முட்டை சுவரில் ஒட்டியிருக்கும், தண்ணீரை மட்டும் மாற்றினால் போகாது. இந்தக் கொசு பகலில் கடிக்கும், காலையிலும் பொழுது சாயும் நேரத்திலும் அதிகம். திடீரென்று காய்ச்சல் ஏறி, கண்ணுக்குப் பின்னால் வலித்தால் டெங்கியாக இருக்கலாம், பனடோல் (பாராசிட்டமால்) மட்டும் போடுங்கள். ஐபுப்ரோஃபென், ஆஸ்பிரின் கூடவே கூடாது, ரத்தக் கசிவு கூடும். கிளினிக்கில் ரத்தப் பரிசோதனை செய்து பாருங்கள். காய்ச்சல் இறங்கிவிட்டதே என்று வகுப்புக்குக் கிளம்புவதுதான் பலர் செய்யும் தவறு. மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாள்வரை, காய்ச்சல் தணியும் நேரமே ஆபத்தானது. வயிற்று வலி, நிற்காத வாந்தி, ஈறில் ரத்தம், எழ முடியாத அசதி, இதில் ஒன்று வந்தாலும் சுங்கை பட்டாணி பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும். அவசர எண் 999.

ஊரைச் சுற்றிச் செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்டங்கள். உதிர்ந்த பழத்துக்கு எலி வரும், எலிக்கு நாகம் வரும். இருட்டினால் டார்ச்சும் மூடிய காலணியும் இல்லாமல் தோட்டத்து ஓரம் நடக்காதீர்கள். வெளியே விட்ட காலணியை உதறிவிட்டுப் போடுங்கள். மேப் காட்டும் குறுக்குவழி பல நேரம் தோட்டத்து லாரிப் பாதையாக இருக்கும். அது தனியார் நிலம், வாசலில் ஜாகா (காவலாளி) நிற்பார், மழை பெய்தால் செம்மண் வழுக்கும். நண்பரின் மோட்டார் சைக்கிளை இரவல் வாங்குவோர், தங்கள் அனைத்துலக லைசென்ஸில் மோட்டார் சைக்கிள் வகைக்கும் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். கார் வகை மட்டும் இருந்தால் விபத்தில் இன்சூரன்ஸ் கைகொடுக்காது.