மூளைப் புற்றுக்கட்டி சிகிச்சை ஆய்வுகளை எப்படிப் படிப்பது?

வீட்டில் ஒருவருக்கு மூளையில் புற்றுக்கட்டி என்று தெரிய வந்தவுடன், குடும்பத்தினர் இரவெல்லாம் கைப்பேசியில் தேடத் தொடங்கிவிடுகிறார்கள். ஏதோ ஒரு நாட்டில் ஒரு நரம்பியல் அறுவை சிகிச்சை நிபுணர் புதிய முறையைக் கண்டறிந்தார் என்ற செய்தி எப்படியும் கண்ணில் படும். அதை அப்படியே நம்பி, நடந்துகொண்டிருக்கும் சிகிச்சையை நிறுத்தத் துணிபவர்கள் உண்டு. எல்லாமே விளம்பரம் என்று ஒதுக்கி, பயன்தரக்கூடிய ஒன்றைக் காலம் கடந்து கேட்பவர்களும் உண்டு. இந்த இரண்டுமே பெரிய இழப்புகள். ஓர் ஆய்வுக் கட்டுரையின் சுருக்கத்தையாவது நிதானமாகப் படித்து, நம் நோயாளிக்கு அது பொருந்துமா என்று பார்ப்பது மருத்துவம் படிக்காதவராலும் முடியும்.

முதலில் கையில் எடுக்க வேண்டியது ஆய்வுக் கட்டுரை அன்று, நோயாளியின் பயாப்சி அறிக்கை. கட்டி மூளையிலேயே தோன்றியதா, அல்லது நுரையீரல், மார்பகம் போன்ற வேறு உறுப்பிலிருந்து மூளைக்குப் பரவியதா என்பதை அதில் உறுதி செய்துகொள்ளுங்கள். இரண்டுக்கும் சிகிச்சை வேறு, ஆய்வுகளும் வேறு. மூளையிலேயே தோன்றிய கட்டி என்றால், அதன் பெயர், அதன் வீரியத்தைக் குறிக்கும் தரம் 1 முதல் 4 வரை எது, ஐடிஹெச் என்ற மரபணுவில் மாற்றம் உள்ளதா, எம்ஜிஎம்டி என்ற மரபணுவை அடக்கிவைக்கும் மெத்திலேற்றம் என்ற வேதி மாற்றம் உள்ளதா என்ற நான்கு விவரங்களையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இவற்றில் ஏதேனும் அறிக்கையில் இல்லாவிட்டால், அந்தச் சோதனை செய்யப்பட்டதா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

இந்த விவரங்கள் எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு தருகிறேன். வொராசிடெனிப் என்ற மாத்திரை பற்றி 2023இல் வெளியான ஆய்வில் 331 பேர் பங்கேற்றனர்; மருந்து எடுத்தவர்களுக்கு நோய் வளராமல் இருந்த காலம் 27.7 மாதங்கள், எடுக்காதவர்களுக்கு 11.1 மாதங்கள். அருமையான முடிவுதான். ஆனால் அவர்கள் அனைவரும் ஐடிஹெச் மாற்றம் கொண்ட, தரம் 2 கட்டி உள்ளவர்கள். பெரியவர்களுக்கு மூளையிலேயே தோன்றும் புற்றுக்கட்டிகளில் மிகுதியாகக் காணப்படும் க்ளியோபிளாஸ்டோமாவில் அந்த மாற்றம் இருக்காது; எனவே அந்த நோயாளிக்கு இம்முடிவு எதையும் சொல்வதில்லை. உலக சுகாதார நிறுவனம் 2021இல் கட்டிகளின் வகைப்பாட்டைத் திருத்தி, ஐடிஹெச் மாற்றம் உள்ளவற்றை க்ளியோபிளாஸ்டோமா என்ற பெயரிலிருந்தே பிரித்துவிட்டது. அதற்கு முன் வெளியான ஆய்வுகளில் இருவகை நோயாளிகளும் ஒரே பெயரில் கலந்திருக்கலாம். ஐடிஹெச் மாற்றம் உள்ளவர்கள் பொதுவாகக் கூடுதல் காலம் வாழ்பவர்கள் என்பதால், பழைய கட்டுரைகளில் வரும் நீண்டகால வாழ்வு பற்றிய எண்களைப் படிக்கும்போது இதை மனத்தில் கொள்ள வேண்டும்.

அடுத்து, ஆய்வு எந்தச் சிக்கலைத் தீர்க்க முயல்கிறது என்று பாருங்கள். கட்டியை வெட்டி எடுத்துவிட்டால் போதாதா என்று எல்லோருக்கும் தோன்றும். 1928இல் வால்டர் டேண்டி என்ற அமெரிக்க அறுவை சிகிச்சை நிபுணர், மூளையின் வலது அரைக்கோளத்தையே அகற்றிய சிகிச்சைகளைப் பற்றி எழுதினார். அதற்குப் பிறகும் நோய் திரும்பி வந்தது. எம்ஆர்ஐயில் தெரியும் விளிம்பைத் தாண்டி, நல்ல திசுவுக்குள் புற்றணுக்கள் ஊடுருவியிருப்பதே காரணம். இத்துறையின் அறுவை சிகிச்சை ஆய்வுகள் பெரும்பாலும் இந்த உண்மையிலிருந்துதான் பிறக்கின்றன. கட்டியின் எல்லையை இன்னும் தெளிவாகக் காண்பது ஒரு வழி. இரத்தத்துக்கும் மூளைக்கும் இடையிலான தடுப்பைத் தாண்டி மருந்தைக் கொண்டு சேர்ப்பது மற்றொரு வழி. எஞ்சிய அணுக்களைத் தாக்க வைரஸையோ நோயெதிர்ப்பு ஆற்றலையோ பயன்படுத்துவது இன்னொரு வழி.

முதல் வழிக்கு 5-ஏஎல்ஏ என்ற கரைசல் நல்ல சான்று. அறுவை சிகிச்சைக்குச் சில மணி நேரம் முன்பு நோயாளி இந்தக் கரைசலைக் குடிக்கிறார். புற்றணுக்கள் அதை ஒளிரும் பொருளாக மாற்றிச் சேர்த்து வைக்கின்றன. நுண்ணோக்கியில் நீல ஒளியைப் போட்டதும், சாதாரண வெளிச்சத்தில் நல்ல திசுவைப் போலவே தெரிந்த இடம் இளஞ்சிவப்பாக மின்னுகிறது. சுற்றியுள்ள மூளை கருநீலமாகவே இருக்கிறது. ஜெர்மானிய நிபுணர் வால்டர் ஸ்டம்மர் தலைமையில் நடந்து 2006இல் வெளியான ஆய்வில், எம்ஆர்ஐயில் தெரிந்த கட்டியை முழுமையாக அகற்ற முடிந்தவர்கள் 65 விழுக்காடு. வழக்கமான வெளிச்சத்தில் செய்தபோது 36 விழுக்காடுதான். ஆறு மாதம் வரை நோய் வளராமல் இருந்தவர்கள் முறையே 41, 21 விழுக்காடு. ஆனால் மொத்த வாழ்நாளில் இரு குழுக்களுக்கும் உறுதியான வேறுபாடு தெரியவில்லை. இதனால் இம்முறை வீண் என்று ஆகிவிடாது. அறுவை சிகிச்சையின் தரத்தை உயர்த்தும் கருவி என்ற அளவில் அதற்கு உரிய மதிப்பு உண்டு. 'முழுமையாக அகற்றப்பட்டது' என்பதைக் 'குணமானது' என்று படித்துவிடக் கூடாது, அவ்வளவே.

எது அளக்கப்பட்டது என்ற இந்தக் கேள்வியை எந்தக் கட்டுரையிலும் விடாமல் கேளுங்கள். பெவசிசுமாப் என்ற மருந்தைப் பற்றி 2014இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், நோய் வளராத காலம் 6.2 மாதத்திலிருந்து 10.6 மாதமாகக் கூடியது, வாழ்நாளோ 16.7, 16.8 மாதங்கள் என்று ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது. முதல் எண்ணை மட்டும் சொல்லும் செய்தி பொய் சொல்லவில்லை, ஆனால் பாதியைத்தான் சொல்கிறது.

என் கணிப்பில், வாசிப்பவர்கள் மிகவும் ஏமாறும் இடம் ஒப்பீடு. ரிண்டோபெபிமுட் என்ற தடுப்பூசி வகை சிகிச்சை, சிறிய இரண்டாம் கட்ட ஆய்வுகளில் பெரும் நம்பிக்கை தந்தது. அங்கே ஒப்பிடப்பட்டவர்கள் முந்தைய ஆண்டுகளில் சிகிச்சை பெற்ற வேறு நோயாளிகள். பிறகு 745 பேரைக் குலுக்கல் முறையில் இரு குழுக்களாகப் பிரித்து நடத்திய மூன்றாம் கட்ட ஆய்வு 2017இல் வெளியானது. கட்டி மிகக் குறைவாக எஞ்சியிருந்தவர்களில் ஊசி பெற்றோர் 20.1 மாதமும் பெறாதோர் 20.0 மாதமும் வாழ்ந்திருந்தனர். ஆய்வில் சேர்க்கப்படுபவர்கள் பொதுவாக உடல்நிலை ஓரளவு நன்றாக இருப்பவர்கள், கட்டி பெருமளவு அகற்றப்பட்டவர்கள். ஆகவே அவர்களுக்கு எந்தச் சிகிச்சை தந்தாலும் பழைய சராசரியைவிடக் கூடுதல் காலம் வாழ்வது இயல்பு. டோக்கியோ பல்கலைக்கழக நிபுணர் டோமோகி டோடோவின் ஜி47டெல்டா வைரஸ் சிகிச்சையையும் இதே கண்ணோடுதான் படிக்க வேண்டும். 19 பேரில் ஓராண்டு கடந்தவர்கள் 84.2 விழுக்காடு என்பது உற்சாகம் தரும் எண். ஒப்பீட்டுக் குழு இல்லை என்பதும் அதே அளவு முக்கியம். ஜப்பான் 2021இல் அதற்கு நிபந்தனையுடன் கூடிய, காலவரையறை கொண்ட அனுமதியை வழங்கியதன் பொருளும் இதுதான்.

மாதக் கணக்கு எந்த நாளிலிருந்து தொடங்குகிறது என்றும் பாருங்கள். முதல் அறுவை சிகிச்சையிலிருந்து எண்ணினால் ஒரு எண், ஆய்வில் சேர்ந்த நாளிலிருந்து எண்ணினால் வேறொரு எண். அமெரிக்க அறுவை சிகிச்சை நிபுணர் ஹென்றி பிரெம் குழுவினர் கட்டி இருந்த குழியில் வைத்துச் சோதித்த, கார்முஸ்டின் என்ற புற்றுநோய் மருந்து அடங்கிய வில்லைகள் பற்றிய 1995ஆம் ஆண்டு ஆய்வில் வரும், மருந்து வில்லை பெற்றவர்களுக்கு 31 வாரம், பெறாதவர்களுக்கு 23 வாரம் என்ற வாழ்நாள் கணக்கு, நோய் திரும்பி வந்தவர்களுக்கு உரியது. புதிதாகக் கண்டறியப்பட்டவரின் கணக்கோடு அதை ஒப்பிடவே கூடாது.

இடைநிலை வாழ்நாள் என்ற சொல்லைக் கண்டு பலர் மனம் உடைந்துபோகிறார்கள். அது பங்கேற்றவர்களில் சரிபாதிப் பேர் எந்த மாதத்தைக் கடந்து வாழ்ந்தார்கள் என்பதைத்தான் காட்டுகிறது. யாருக்கும் குறிக்கப்பட்ட கெடு அன்று. இன்றைய அடிப்படைச் சிகிச்சையை நிலைநாட்டிய 2005ஆம் ஆண்டு ஆய்வில், கதிர்வீச்சுடன் டெமோசோலோமைடு என்ற புற்றுநோய் மருந்தும் பெற்றவர்களின் இடைநிலை 14.6 மாதம், கதிர்வீச்சு மட்டும் பெற்றவர்களுக்கு 12.1 மாதம். வேறுபாடு சிறிதாகத் தெரிகிறதல்லவா? ஆனால் இரண்டாண்டுகள் கடந்தவர்கள் 26.5 விழுக்காடு, எதிரே 10.4 விழுக்காடு. ஐந்தாண்டுகளில் 9.8, 1.9 விழுக்காடு. எனவே இடைநிலையோடு நிறுத்தாமல், காலம் செல்லச் செல்ல எத்தனை பேர் உயிரோடு இருந்தார்கள் என்று காட்டும் வாழ்நாள் வரைகோட்டின் வலது முனை வரை பாருங்கள். எம்ஜிஎம்டி மெத்திலேற்றம் உள்ளவர்களுக்கு, மருந்து உண்டாக்கும் சேதத்தைச் சரிசெய்யும் நொதி அடங்கியிருப்பதால், அந்தப் பயன் மேலும் தெளிவாகக் கிடைத்தது. இதற்காகவே அந்த விவரத்தை எழுதி வைக்கச் சொன்னேன்.

ஆய்வு பொருந்துகிறது என்று தோன்றினால் காலம் தாழ்த்தாதீர்கள். சில ஆய்வுகளில் கதிர்வீச்சு தொடங்கும் முன்பே சேர வேண்டும். நோயாளியின் கட்டியிலிருந்தே தயாரிக்கப்படும் தடுப்பூசிகளுக்கு, அறுவை சிகிச்சையன்றே திசுவை உரிய முறையில் பதப்படுத்தியிருக்க வேண்டும். ஆகவே கத்தி வைக்கும் முன்பே, திசுவைச் சேமிக்க வழியுண்டா என்று கேட்டுவிடுவது நல்லது. கதிர்வீச்சு முடிந்த முதல் மூன்று மாதங்களில் எம்ஆர்ஐயில் கட்டி வளர்ந்ததுபோல் தெரிந்தால், அது சிகிச்சையின் விளைவான வீக்கமாகவும் இருக்கலாம் என்பதால், அந்த ஒரு படத்தை வைத்துச் சிகிச்சையை மாற்றிக்கொண்டு ஓடாதீர்கள்.

மருத்துவரைப் பார்க்கப் போகும்போது கட்டுரையின் சுருக்கத்தையும் உங்கள் தாளையும் சேர்த்தே எடுத்துச் செல்லுங்கள். இந்த ஆய்வு நன்றாக இருக்கிறதா என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் கிடைக்கும். இதில் சேர்க்கப்பட்டவர்களின் வயது, உடல்நிலை, கட்டியின் வகை ஆகியவற்றோடு எங்கள் நோயாளி ஒத்துப்போகிறாரா, ஒத்துப்போகவில்லை என்றால் எந்த இடத்தில், இவருக்குப் பொருந்தும் ஆய்வு இப்போது ஆள் சேர்க்கிறதா, சேர்ந்தால் வழக்கமான சிகிச்சையில் எதையாவது கைவிட வேண்டியிருக்குமா என்று கேளுங்கள். பதில்களை அங்கேயே எழுதிக்கொள்ளுங்கள்.