கால் வைக்காமல் ஓட்டிப் பாருங்கள்: "சக்தி" மருத்துவக் கருவிகளைச் சோதிக்கும் விதம்

திருகோணமலைக் கன்னியா வெந்நீரூற்றில் ஏழு கிணற்றுக்கும் சூடு வேறு வேறு என்று ஒருவர் சொன்னால், வெப்பமானியைக் கயிற்றில் கட்டி இறக்கிப் பார்த்துவிடலாம். "இந்த மெஷின் உடம்பின் அதிர்வெண்ணைச் சீராக்கும்" என்றால் எதை இறக்கிப் பார்ப்பது?

ஆகவே முதற்கேள்வி அலகு பற்றியது. எது அதிர்கிறது, எத்தனை ஹேர்ட்ஸ், எந்த மீற்றர் அதைக் காட்டும்? சுவர்ப் பிளக்கில் வரும் மின்சாரத்துக்குக்கூட 50 ஹேர்ட்ஸ் என்று விடை இருக்கிறது. "உயிர்ச்சக்தி", "குவாண்டம்" என்று மட்டும் பதில் வந்தால் இரண்டாவது சோதனைக்குப் போங்கள்: நோயாளியை எடுத்துவிட்டு மெஷினை மட்டும் ஓட்டுங்கள். உடம்பே இல்லாமல் அதே முடிவு வந்தால், அந்த முடிவு உடம்பைப் பற்றியதல்ல.

கால் வழியாக நச்சை இழுப்பதாகச் சொல்லும் தொட்டியில் இதைத் தெளிவாகப் பார்க்கலாம். பேசினில் இளஞ்சூட்டுத் தண்ணீர், கொஞ்சம் உப்பு, நடுவே மின்சாரம் பாயும் உலோகச் சுருள். அரை மணித்தியாலத்தில் தண்ணீர் பிளேன்ரீ நிறத்துக்கு வரும். நச்சு என்பார்கள். அது கறள், இரும்புத் துரு.

வீட்டில் செய்து பார்க்க ஒரு கண்ணாடிக் கிளாஸில் 200 மில்லிலீற்றர் தண்ணீர், அரைத் தேக்கரண்டி உப்பு, 9 வோல்ட் பற்றரி ஒன்று, மூன்று அங்குல இரும்பாணி இரண்டு, இரண்டு துண்டு வயர் போதும். ஆணிகளை ஒன்றோடொன்று முட்டாமல் எதிரெதிராக நிறுத்தி, ஒவ்வொன்றையும் பற்றரியின் ஒரு முனையோடு இணையுங்கள். ஒரு ஆணியில் நுரை நுரையாகக் குமிழி வரும், அது ஐதரசன். நேர்முனையில் இருக்கும் ஆணி கரையும். கால் மணித்தியாலத்தில் முதலில் பச்சை கலந்த கலங்கல் தெரியும். கலக்கிச் சற்று நேரம் காற்றுப்பட விட்டால் கபில நிறமாக மாறும். சன்னலைத் திறந்து வையுங்கள், சிறிதளவு குளோரினும் வரக்கூடும். சுவர் மின்சாரத்தில் இதைச் செய்யவே கூடாது.

பிழைக்கும் இடங்கள் சில உண்டு. கல்வனைஸ் ஆணியென்றால் அதன் நாக (சிங்க்) பூச்சுக் கரைந்து வெள்ளைப் படிவு வரும். வயரின் செம்பு தண்ணீரில் பட்டால் நீலப்பச்சை தட்டும். அதனால் இணைப்பு தண்ணீர் மட்டத்துக்கு மேலே இருக்கட்டும். உப்புக் குறைந்தால் மின்னோட்டம் குறைந்து ஒன்றும் தெரியாது. துருப்பிடிக்காத எஃகுக் கரண்டியை ஆணிக்குப் பதிலாகப் போட வேண்டாம், நச்சுத்தன்மையான குரோமியம் கரைந்து வரலாம்.

கணக்கும் சரியாக வரும். 0.1 அம்பியர் 15 நிமிடம் ஓடினால் சுமார் 26 மில்லிகிராம் இரும்பு கரையும். தொட்டி மெஷினில் 2 அம்பியர் என்று எழுதியிருந்தால், அரை மணித்தியாலத்தில் கிட்டத்தட்ட 1 கிராம். ஒரு பேசின் தண்ணீரை நிறம் மாற்ற அது தாராளம்.

"கால் வைத்தால் நிறம் வேறாக வருகிறதே" என்று விற்பவர் மடக்குவார். வரும். காலிலுள்ள வியர்வையும் சவர்க்காரமும் உப்பின் அளவை மாற்றுகின்றன. ஒரே வாளித் தண்ணீர், தராசில் நிறுத்த உப்பு, ஒரே நேரம் என்று வைத்து இரண்டு பேசினை ஓட்டி, எதில் கால் இருந்தது என்று தெரியாத ஒருவரை "நச்சுப் பேசினை"க் காட்டச் சொல்லுங்கள். தண்ணீர் வடிகட்டி விற்பவர்கள் கிணற்றுத் தண்ணீரைக் கறுக்க வைத்துக் காட்டுவதும் இதே வித்தைதான். உப்புவெளிப் பக்கத்து உவர்க் கிணறென்றால் இன்னும் வேகமாகக் கறுக்கும். அவர்களுடைய சுத்தமான தண்ணீரில் ஒரு சிட்டிகை உப்பைப் போட்டு மறுபடி ஓட்டச் சொல்லுங்கள், அதுவும் கறுக்கும்.

கையில் கம்பியைப் பிடித்தால் ஒரு நிமிடத்தில் ஈரல், சிறுநீரகம், சலரோகம் எல்லாம் சொல்லும் "காந்த அதிர்வு" மெஷினுக்கு ஈரத்துணி போதும். துணியைக் கம்பியில் சுற்றி, ஒரு பெயரும் வயதும் கொடுத்து ஓட்டுங்கள். அறிக்கை அச்சாகி வந்தால் துணிக்கும் ஈரல் இருக்கிறது. அடுத்து ஒரே ஆளை வயது 25, நிறை 55 கிலோ என்றும், பிறகு வயது 65, நிறை 90 கிலோ என்றும் பதியுங்கள். அறிக்கை மாறினால் மாற்றியது தட்டச்சுப் பலகைதான், உடம்பல்ல. உண்மையான காந்தப் பரிவுக்கு (ஒத்ததிர்வுக்கு) வலிய காந்தம் வேண்டும்: 1.5 தெஸ்லா (காந்த வலிமையின் அலகு) எம்.ஆர்.ஐ. ஸ்கானில் ஐதரசன் சுமார் 64 மெகாஹேர்ட்ஸில் பரிவுறும். இந்தக் கம்பியில் ஒரு குண்டூசிகூட ஒட்டாது.

காந்த வளையல், முழங்கால் பட்டி இரத்தத்திலுள்ள இரும்பை இழுக்கும் என்றால் கௌஸ் கணக்கில் மயங்க வேண்டாம். 10,000 கௌஸ் சேர்ந்தால்தான் 1 தெஸ்லா. "800 கௌஸ்" என்பது 0.08 தெஸ்லா. அதைப்போல ஏறத்தாழ 19 மடங்கு காந்தத்துக்குள் எம்.ஆர்.ஐ.க்குப் போகிறவரின் இரத்தம் ஒரு பக்கம் ஓடிச் சேர்வதில்லை. ஹீமோகுளோபினில் இருக்கும் இரும்பு ஆணி இரும்பைப் போல ஒட்டாது. காந்தத்துக்கும் குண்டூசிக்கும் இடையே தாள்களை ஒவ்வொன்றாக அடுக்கி, ஊசி விழும் வரை எண்ணுங்கள். சாதாரண ஏ4 தாள் 0.1 மில்லிமீற்றர் தடிப்பு. 20 தாளில் விழுந்தால் அது எட்டியது 2 மில்லிமீற்றர். பேஸ்மேக்கர் வைத்தவர்கள் மட்டும் எந்தக் காந்தத்தையும் நெஞ்சருகே கொண்டுபோகக் கூடாது.

கதிர்வீச்சைத் தடுக்கும் ஸ்டிக்கர் உண்மையில் தடுத்தால் போனில் கோல் வராது. அவ்வளவுதான்.

கழுத்தில் போடும் "நெகட்டிவ் அயன்" பதக்கத்தில் மட்டும் நிலைமை தலைகீழ்: அதிலிருந்து உண்மையாகவே ஏதோ வரக்கூடும். அயன் எண்ணும் மீற்றரை அதோடு ஒட்டிப் பிடித்து, எண் ஏறுவதைக் காட்டுவார்கள். எண் ஏறுவது பெரும்பாலும் பதக்கத்தில் கலந்த மொனசைற்று என்ற கனிமப் பொடியில் உள்ள தோரியத்தின் கதிர்வீச்சால். புல்மோட்டைக் கனிம மணலிலும் சிறிதளவில் இருப்பது இதே மொனசைற்றுதான். 2021 டிசம்பரில் நெதர்லாந்தின் அணுப் பாதுகாப்பு அதிகாரசபை இப்படியான 10 பொருட்களைக் குறிப்பிட்டு, அணிய வேண்டாம் என்று எச்சரித்தது. வீட்டில் இருந்தால் உடைக்கவோ உரசவோ வேண்டாம், பிள்ளைகளுக்குக் கொடுக்கவும் வேண்டாம்.

எல்லாக் கருவியும் பொய்யல்ல. விரலில் மாட்டும் ஒட்சிசன் மானி 660, 940 நனோமீற்றர் என்ற இரண்டு ஒளியால் அளக்கிறது. கை வலப்பக்கமோ இடப்பக்கமோ, பெயர் எதுவோ, அதற்குத் தேவையில்லை. நோவுக்கு மின்துடிப்புக் கொடுக்கும் டென்ஸ் மெஷினும் மில்லிஅம்பியரில் கணக்குச் சொல்லும். ஆனால் அது சீனி வருத்தத்தை மாற்றும் என்று விற்றால், மெஷின் மெய், பேச்சுப் பொய்.

வாங்கத்தான் போகிறீர்கள் என்றால், இலங்கையின் 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டப்படி தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையில் அந்த மாதிரிக்குப் பதிவு இருக்கிறதா என்று பத்திரத்தைக் கேளுங்கள். கம்பனிப் பதிவும் சுங்கக் கடதாசியும் அதற்கு ஈடாகாது. பிறகு, எந்த வருத்தம் எத்தனை நாளில் எவ்வளவு குறையும் என்று வாயால் சொன்னதையே பில்லின் பின்பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லுங்கள். பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைக்கு 1977 என்ற தொலைபேசி இலக்கத்தில் அழைக்கும்போது கையில் இருக்க வேண்டியது அந்தப் பில்தான்.